ஒருத்தருக்கு கோல்ஃப், ஒருத்தருக்கு ஊர் சுத்தணும்: ஜோடியா இலங்கைக்கு எப்படிப் போறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம், பீளமேட்டுல இருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். அவங்க சொன்னதோட சுருக்கம் இதுதான்: "நான் ரெண்டு வருஷமா செட்டிபாளையத்துல கோல்ஃப் ஆடறேனுங்க. வீட்டுக்காரருக்கு அதுல துளிகூட ஆர்வம் இல்ல. கல்யாண நாளுக்கு எட்டு நாள் இலங்கை போறோம். எனக்கு ஆடணும், அவருக்கு நிதானமா ஊர் பார்க்கணும். சண்டை வராம திரும்பி வர ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

இருக்குங்க. ஆனா அதுக்கு முதல்ல கோல்ஃப் எவ்வளவு நேரத்தைச் சாப்பிடும்னு புரிஞ்சுக்கணும். பாதி சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

ஆடாதவங்களுக்கு ரெண்டு நிமிஷ கோல்ஃப்

முழு ஆட்டம்னா 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் நல்லா ஆடறவங்க இத்தனை அடியில பந்தைப் போடணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குப் பேரு பார். 18 குழிக்கும் சேர்த்தா பெரும்பாலான மைதானத்துல 70-ல இருந்து 72 வரும். ஹேண்டிகேப்ங்கறது உங்க தரத்துக்கு ஏத்த சலுகை. தோராயமா சொன்னா, உங்க ஹேண்டிகேப் 20-னா, பார் 70 மைதானத்துல நீங்க 90 அடியில முடிச்சாலே உங்க தரத்துக்கு ஆடிட்டீங்கனு அர்த்தம்.

இப்ப நேரக் கணக்கு. 18 குழி ஆட நாலு, நாலரை மணி நேரம் ஆகும். நடை மட்டும் பல கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும், பின்னாடி குளிச்சுச் சாப்பிடணும். ஆக, "காலைல ஒரு கேம் போட்டுட்டு வந்துடறேன்"னு சொன்னா அரை நாள் போச்சுனு வெச்சுக்கோங்க. வெயிலுக்கு முன்னாடி ஆறு, ஆறரைக்கு ஆரம்பிச்சா பதினொன்னுக்கு முடியும்.

எட்டு நாள்ல நாலு மைதானம்னு திட்டம் போட்டா, கூட வந்தவங்க நாலு காலையும் ஹோட்டல் ரூம்ல உட்கார்ந்து போனைப் பார்க்கணும். அதனால நான் சொல்ற கணக்கு: ரெண்டே ஆட்டம், மூணே ஊர். கொழும்பு, நுவரெலியா, காலி. ரெண்டாவது ஆட்டத்தை 9 குழியோட நிறுத்திக்கிட்டாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

எப்ப போறது?

நம்ம ஊர்ல ஜூன்ல பாலக்காட்டுக் கணவாய் வழியா குளுகுளுனு காத்து வரும், பேரூர்ல சாரல் அடிக்கும். அதே தென்மேற்குப் பருவமழைதான் இலங்கையோட மேற்குக் கரையையும் மலைநாட்டையும் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நனைக்குது. வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பக்கத்தை நனைக்கும். அதனால கொழும்பு, காலி, நுவரெலியா பக்கம் போறதுக்கு டிசம்பர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும் நல்லது. ஏப்ரல்ல புத்தாண்டு லீவுக்கு நுவரெலியால கூட்டம் நெரியும், ரூம் விலையும் ஏறிடும். மே-க்கு அப்புறம்தான் லீவு கிடைக்கும்னா கிழக்குல திருகோணமலைக்குப் போங்க. அங்க சீனன்குடாவில் இலங்கை விமானப்படை நடத்தற கோல்ஃப் மைதானம் இருக்கு.

கொழும்புக்கு சென்னை, திருச்சி, மதுரைல இருந்து விமானம் பிடிக்கலாம். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு திருச்சி வரைக்கும் ரயில்லயோ கார்லயோ போறது சுலபம். கோல்ஃப் பையைத் தூக்கிட்டுப் போகணுமாங்கறதை யோசிங்க. ரெண்டு ஆட்டத்துக்கு கிளப் வாடகைக்கு எடுத்துக்கறதே நிம்மதி. ஷூ, கையுறை, பத்துப் பந்து, காலர் வெச்ச டீ-ஷர்ட், ஹேண்டிகேப் சான்றிதழ், இது போதும். விசா விதிமுறையை மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி அரசாங்க இணையதளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க.

கொழும்பு: ரயில் போற மைதானம்

ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-ல தொடங்கினது. ஆரம்பத்துல காலி முகத்திடல்ல, அதாவது இன்னைக்கு சாயங்காலம் ஜனங்க இறால் வடை சாப்பிட்டுக்கிட்டே பட்டம் விடற அதே கடற்கரைத் திடல்லதான் ஆடினாங்க. அப்புறம்தான் இப்ப இருக்கற இடத்துக்கு மாறினாங்க. இந்த மைதானத்துக்கு நடுவுல களனிவெளி ரயில் பாதை போகுது. அடிக்கத் தயாரா நிக்கறப்ப ரயில் வந்தா, அது போற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

மனைவி ஆடிக்கிட்டிருக்கற அந்த நாலு மணி நேரத்துல கணவர் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்க ஒரு கல்வெட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ காலத்துல, 1409-ம் ஆண்டுத் தேதியோட வெட்டின கல். சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார்ங்கற பெருமாளுக்குக் கொடுத்த காணிக்கையைப் பத்திச் சொல்லுது. 1911-ல காலி நகரத்துல கண்டெடுத்தாங்க. 600 வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தீவுக்கு வியாபாரத்துக்கு வந்த ஒரு பேரரசு, தமிழ்லயும் எழுதினாத்தான் சரியா இருக்கும்னு நினைச்சிருக்கு. பதினொன்னரைக்கு ரெண்டு பேரும் சாப்பிட உட்காரும்போது, அவங்ககிட்ட சொல்ல இவர்கிட்டயும் ஒரு கதை இருக்கும்.

நுவரெலியா: பார்த்த மாதிரியே இருக்கும்

கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து பதுளை ரயில்ல ஏறி நானுஓயால இறங்குங்க. அங்கிருந்து நுவரெலியா பக்கம்தான். மழைக்காலத்துல மண்சரிவால இந்தப் பாதை அப்பப்ப அடைபடும், ரயில் ஓடுதான்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. ராத்திரி நல்லாக் குளிரும், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

இறங்கினதும் நம்மாளுங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "அட, ஊட்டி மாதிரியே இருக்குங்க!" அது தற்செயல் இல்ல. சமவெளி வெயில் தாங்காத வெள்ளைக்காரங்க, ஒரே அச்சுல வார்த்த மாதிரி மலை ஊர்களைக் கட்டினாங்க. ஊட்டில கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-கள்ல ஏரி வெட்டினார். நுவரெலியால கவர்னர் கிரகரி 1873-ல ஏரி அமைச்சார். ரெண்டு ஊர்லயும் ரேஸ் கோர்ஸ் வந்துச்சு, ரெண்டுலயும் தாவரவியல் பூங்கா, ரெண்டுலயும் கிளப், கோல்ஃப் மைதானம்.

நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889-90 வாக்குல உருவானது. 18 குழி, பார் 70, கடல் மட்டத்துல இருந்து 1,850 மீட்டருக்கும் மேல. உயரத்துல காத்து லேசா இருக்கறதால பந்து வழக்கத்தை விடக் கொஞ்சம் தூரமாப் போகும். செட்டிபாளையத்துல எடுக்கற கிளப்பை விட ஒண்ணு சின்னதா எடுத்தா சரியா வரும். கேடிகிட்ட தமிழ்ல பேசிப் பாருங்க, பதில் தமிழ்லயே வர வாய்ப்பு இருக்கு.

அது ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஊர்ல மூணு ராத்திரி தங்கச் சொல்றேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

கோல்ஃப் மைதானத்துக்கு வெளியே கண்ணுக்கு எட்டின வரைக்கும் தேயிலை. முதல்ல இங்க இருந்தது காப்பி. 1869-ல ஒரு பூஞ்சை நோய் வந்து, அடுத்த கொஞ்ச வருஷத்துல காப்பித் தோட்டங்களை அழிச்சுது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லயே கண்டிக்குப் பக்கத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டிருந்தார். அதைப் பார்த்து எல்லாத் தோட்டமும் தேயிலைக்கு மாறுச்சு.

காப்பியோ தேயிலையோ, வேலை செஞ்சது தமிழ்நாட்டுல இருந்து போன ஜனங்க. திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, அப்புறம் சேலம். அந்தக் காலத்து சேலம் மாவட்டம்னா இன்னைக்கு இருக்கற தர்மபுரி, நாமக்கல் பக்கமும் அதுல அடக்கம். ஆக, நம்ம கொங்குக்காரங்களும் அதுல உண்டு. பஞ்சத்துல அடிபட்டவங்களை கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. படகுல மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காடு வழியா மாத்தளை வரைக்கும் நடை. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலயே செத்தவங்க ஏராளம். 2023-ல, முதல் ஜனங்க போய் 200 வருஷம் ஆனதை நினைச்சு, தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் மலையக மக்கள் திரும்பவும் நடந்தாங்க.

அவங்க கட்டின தோட்டங்கள்ல வந்த லாபத்துலதான் கிளப்பும் மைதானமும் ஓடுச்சு. துரைமார் ஆடினாங்க, தொழிலாளிங்க லயன் அறைல ஒரே ரூம்ல குடும்பம் நடத்தினாங்க. நாடு சுதந்திரம் அடைஞ்ச 1948-லயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, இவங்கள்ல பெரும்பாலானவங்களை எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவங்களா ஆக்குச்சு. அப்புறம் 1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும்னு ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சாங்க. மீதி 1,50,000 பேரை 1974-ல பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. யாரும் அந்த ஜனங்களை உக்கார வெச்சு, நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்கனு கேட்கல. அக்கா ஒரு நாட்டுக்கும் தங்கச்சி இன்னொரு நாட்டுக்கும் போன குடும்பங்கள் உண்டு.

அப்படித் திரும்பி வந்தவங்களுக்காக தமிழ்நாடு அரசு 1968-ல நீலகிரில ஆரம்பிச்ச தேயிலைத் திட்டம்தான் பின்னாடி டான்டீ ஆச்சு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், நம்ம வால்பாறைலயும் டான்டீ தோட்டம் இருக்கு. வார இறுதில ஊட்டிக்கு பைக்ல போறப்ப வழியில குடிக்கற டீக்கு இலை பறிச்சவங்களோட பாட்டி, நுவரெலியா மலையில பிறந்தவங்களா இருக்கலாம்.

அப்ப கோல்ஃப் ஆடறது தப்பா?

இல்லீங்க. யாரையும் குற்றவாளியாக்கறதுக்காக இதைச் சொல்லல. ஆனா கணக்கு தெரிஞ்சு ஆடலாம். 2021-ல இலங்கைல தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிச்ச நாள் கூலி 1,000 இலங்கை ரூபாய். அதுக்கப்புறம் ஏத்தியிருக்காங்க. ஆனாலும் வெளிநாட்டுக்காரர் ஒரு ஆட்டத்துக்குக் கட்டற மைதானக் கட்டணம், கேடி, கிளப் வாடகை எல்லாம் சேர்ந்தா அது பல நாள் கூலிக்குச் சமம். கேடிக்குக் கொடுக்கற காசுல பேரம் பேசாதீங்க. தேயிலைத் தொழிற்சாலையைச் சுத்திப் பார்க்கறப்ப, இலை பறிக்கற அம்மாவை போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"னு கேளுங்க. மத்த டூரிஸ்ட்டுங்க அவங்ககிட்ட சைகைலதான் பேச முடியும். நமக்கு அந்தப் பிரச்சனையே இல்ல.

கணவர் ஒரு காலைல ஹக்கல தாவரவியல் பூங்காவையும், பக்கத்துல சீதா எலியல இருக்கற சீதை அம்மன் கோயிலையும் பார்த்துடலாம். இன்னொரு நாள் ரெண்டு பேரும் எந்தத் திட்டமும் இல்லாம ஏரிக்கரைல நடங்க.

காலி: ஒண்ணும் செய்யாம இருக்க

கடைசி மூணு நாள் தென்கரைக்கு. இங்க கோல்ஃப் வேண்டாம். அம்பாந்தோட்டைல 18 குழி மைதானம் இருக்கு, கண்டிக்குப் பக்கத்துல திகனைல விக்டோரியா நீர்த்தேக்கத்துக் கரைலயும் ஒண்ணு இருக்கு. அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். காலிக் கோட்டை 1988-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. சாயங்காலம் கோட்டைச் சுவர் மேல ஒரு சுத்து நடந்தா போதும். கட்டடக்கலை பிடிச்சவங்க வழியில பெந்தோட்டைல ஜெஃப்ரி பாவா தன் ஆயுசு முழுக்கச் செதுக்கின லுணுகங்கா தோட்டத்துல அரை நாள் உட்காரலாம்.

அந்த நேயருக்கு

அக்கா, ரெண்டு ஆட்டத்தோட தேதியையும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. அந்த ரெண்டு காலைக்கும் அவர் என்ன செய்யணும்னு அவரே முடிவு பண்ணட்டும். மத்தியானச் சோறு மட்டும் தினமும் சேர்ந்து சாப்பிடுங்க. திரும்பி வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை கூடலூர்ப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. அங்க ஒரு டீக்கடைல உட்கார்ந்து, "நுவரெலியா போயிட்டு வந்தோமுங்க"னு சொல்லிப் பாருங்க. ஊர் எப்படி இருக்குனு யாராவது கேட்பாங்க. நிதானமாப் பார்த்திருந்தா, அவங்களுக்குச் சொல்ல உங்ககிட்ட விஷயம் இருக்கும்.

உங்க கேள்வியையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.