ஈரல் சொல்லும் சேதி

மழைக்காலம் பிறந்தால் எமது நாட்டில் நுளம்பு பெருகும். கூடவே டெங்குக் காய்ச்சலும் வரும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இதனால் 'பிளேட்லெட்' என்பது இன்று எல்லா வீடுகளிலும் பழகிப்போன சொல்லாகிவிட்டது. ஆனால் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் வரும் ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. என்பவை என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. உயர்தரத்தில் உயிரியல் பயிலும் மாணவி என்ற வகையில், அவை பற்றி நான் அறிந்தவற்றை இங்கு தருகிறேன்.

இவை இரண்டும் நொதியங்கள். அமினோ அமிலங்களின் மாற்றத்துக்கு உதவுவது இவற்றின் வேலை. இவை இருக்க வேண்டிய இடம் கலங்களின் உள்ளே. கலம் சேதமடைந்தால் வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. சுகதேகியின் இரத்தத்தில் இவை லீற்றருக்குச் சுமார் 40 அலகு வரையே இருக்கும். அளவு கூடினால், எங்கோ கலங்கள் பாதிக்கப்படுகின்றன என்பது பொருள்.

ஏ.எல்.ரி. பெரும்பாலும் ஈரலில் உள்ளது. ஏ.எஸ்.ரி. ஈரலில் மட்டுமன்றி இதயம், தசைகள், செங்குருதிக் கலங்கள் ஆகியவற்றிலும் உண்டு. டெங்கு வைரசு ஈரலைப் பாதிக்கிறது, தசைகளையும் விட்டுவைப்பதில்லை. உடம்பை முறித்துப் போடும் அந்த வலியை அனுபவித்தவர்கள் அறிவார்கள். எனவேதான் டெங்கில் ஏ.எல்.ரி.யை விட ஏ.எஸ்.ரி. பொதுவாக அதிகமாக உயர்கிறது. செங்கண்மாரியை உண்டாக்கும் வைரசு ஈரலழற்சியில் பெரும்பாலும் இதற்கு மாறாக ஏ.எல்.ரி.யே மேலோங்கி நிற்கும்.

எனது சாச்சாவுக்கு டெங்கு வந்தபோது ஏ.எஸ்.ரி. 210 எனக் காட்டியது. "ஈரல் பழுதாப் போச்சோ?" என்று உம்மும்மா கலங்கிப்போனார். டெங்கு நோயாளர் பலரிடம் இத்தகைய உயர்வு காணப்படும் என்றும், இரண்டாம் வாரத் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே வழமைக்குத் திரும்பும் என்றும் வைத்தியர் விளக்கினார். ஆனால் மறுநாள், "காய்ச்சல்தான் விட்டுட்டே, ஊட்டுக்குப் போவோம்" என்று நாங்கள் கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. டெங்கு இரத்தப்போக்குக் காய்ச்சலில் பேராபத்து வருவது காய்ச்சல் தணியும் வேளையில்தான். அப்போது நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிகிறது. அந்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் குருதியமுக்கம் வீழ்ந்தால் ஈரலுக்குப் போதிய இரத்தம் கிடைக்காது. அந்நிலை நீடித்தால் நொதியங்கள் ஆயிரக்கணக்கில் எகிறும். இரண்டில் ஒன்று 1000 அலகை எட்டினாலே அதைக் கடுமையான டெங்கு என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்தது.

வேறு இரத்தப்போக்குக் காய்ச்சல்களிலும் இந்த நொதியங்கள் எச்சரிக்கை தருகின்றன. மேற்கு ஆபிரிக்காவின் லாசா காய்ச்சலில், ஏ.எஸ்.ரி. 150 அலகைத் தாண்டியோருக்கு மரண அபாயம் அதிகம் என்பதை 1980களில் சியரா லியோனில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் டெங்கில் நொதிய அளவை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. அது காய்ச்சலின் எத்தனையாவது நாள், பிளேட்லெட் எவ்வளவு, குருதி எவ்வளவு தடித்துள்ளது, சிறுநீர் போதியளவு வெளியேறுகிறதா என்பவற்றையும் சேர்த்தே வைத்தியர்கள் பார்க்கிறார்கள்.

பெற்றோர்களே, ஏற்கெனவே களைத்துள்ள ஈரலுக்கு நாம் மேலும் சுமை ஏற்றலாகாது. பரசிற்றமோல் அளவு மீறினால் அதுவே ஈரலைத் தாக்கும். காய்ச்சல் இறங்கவில்லையே என்று மணிக்கொரு தடவை கொடுக்காதீர்கள். நோயாளியின் நிறைக்கேற்ப வைத்தியர் சொன்ன அளவே போதும். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, அதிக சோர்வு, கைகால் குளிர்தல் ஆகியவை கண்டால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தோழியரே, அடுத்த முறை வீட்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தால், அதில் உள்ள இலக்கங்களைக் கண்டு பதறவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். அது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று முதலில் கேளுங்கள். அறிக்கையை வைத்தியரிடம் காட்டி விளக்கம் பெறுங்கள். அன்று வைத்தியர் சொல்லைக் கேட்டு வாட்டிலேயே தங்கிய சாச்சா, இன்று நலமாக இருக்கிறார்.