சக்கரங்களின் ஆயுள் – 11: உப்புக்கும் மலைக்கும் ஈடுகொடுத்த ஜீப்

சென்ற வாரம் அம்பாசடரின் கதையைப் பார்த்தோம். 2014 மே மாதம் அதைச் செய்துவந்த உத்தர்பாரா தொழிற்சாலை நின்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மாருதி 800-ன் உற்பத்தியும் முடிவுக்கு வந்திருந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் ஒரு காலத்தில் வரிசைகட்டி நின்ற அந்த இரண்டு கார்களையும் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் இவை இரண்டையும்விட மூத்த வடிவமைப்பு கொண்ட ஒரு வண்டி, அணைக்கட்டு மலையடிவாரத்தில் இன்னும் பாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு ஆட்டையும் ஆளையும் இறக்கிவிட்டு, அரிசி மூட்டையோடும் மளிகைச் சாமானோடும் மறுபடி மலையேறுகிறது. அது ஜீப்.

கார் பதினைந்து, இருபது வருடத்தில் ஓய்ந்துவிட, ஜீப் மட்டும் முப்பது, நாற்பது வருடம் தாக்குப்பிடிப்பது எப்படி? 'அந்தக் காலத்து இரும்பு அப்படி' என்பார்கள். இரும்பின் தரம் மட்டும் காரணமல்ல. அதை எப்படிச் சேர்த்தார்கள், எப்படி ஓட்டினார்கள், யார் பழுதுபார்த்தார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு வண்டியின் ஆயுளை முடிவுசெய்கின்றன.

போர்க்களத்தில் கழற்றி மாட்ட

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றை நாற்பது வருடம் ஓட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. குண்டு விழுகிற இடத்தில், கையில் இருக்கிற ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பதே தேவை. ஆகவே ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கழன்று வரும்படி அமைத்தார்கள். நீண்ட ஆயுளுக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது.

1945-ல் எஃகு வியாபாரத்துக்காகத் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1949-ல் பம்பாய் மஜ்காவில் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கினார்கள். உயரமான பானட் கொண்ட சிஜே-3பி அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் வம்சம் நிற்கவில்லை. சிஜே 340, எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று பெயரும் இன்ஜினும் நீளமும் மாறின, அடிப்படை எலும்புக்கூடு மாறவில்லை. 2010-ல் வந்த முதல் தாரிலும் அந்தச் சாயல் இருந்தது. ஒரே வடிவமைப்பு இத்தனை பத்தாண்டுகள் தொடர்ந்ததால், பழைய ஜீப்பின் பல பாகங்களுக்குப் புது ஜீப்பின் பாகமே பொருந்தியது. வண்டி நின்றாலும் உதிரிபாகம் நிற்கவில்லை.

உப்பு தின்னாத சேஸ்

தோலை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் வண்டிக்கு ஒரு தனிப் பகை உண்டு: உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு உப்பைத் தேய்த்து அடுக்குவார்கள். உப்பு தோலிலிருக்கும் நீரை இழுத்து வெளியே தள்ளும். அப்படி உப்புப் போட்ட தோலை வண்டியில் ஏற்றினால், ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேரும்வரை அந்த உப்புநீர் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். தரைத் தகட்டின் மடிப்பில் தேங்கும். ஈரம் காய்ந்தாலும் உப்பு போகாது, காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும்.

சாதாரணக் காருக்கு இது உயிர்போகிற காயம். காரில் தனியாகச் சேஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாவற்றையும் வெல்டிங்கில் ஒன்றாக்கி, அந்தக் கூட்டையே எலும்பாகவும் ஆக்கியிருக்கிறார்கள். எடை குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது, மோதலில் நசுங்கும் பகுதியை முன்கூட்டியே திட்டமிட முடிகிறது. ஆனால் சஸ்பென்ஷன் பிடிமானம் இருக்கிற இடத்தில் தகடு அரித்துவிட்டால் ஒட்டுப்போட்டு நம்பி ஓட்ட முடியாது. இன்ஜின் நன்றாக இருக்கும்போதே வண்டி எடைக்குப் போகும்.

ஜீப்பின் அமைப்பு வேறு. இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். அதுதான் சேஸ். பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டு வீட்டில் ஓடு உடைந்தால் ஓட்டையும், ரீப்பர் இற்றுப்போனால் ரீப்பரையும் மாற்றிக்கொண்டு அதே வீட்டில் பேரன் காலம்வரை இருக்கலாமே, அதுபோலத்தான். தரைத் தகடு போனால் டிங்கரிங் பட்டறையில் புதுத் தகடு வெட்டி அடிக்கலாம். பாடி முழுதும் போனால் புதுப் பாடியே கட்டலாம். தடித்த சேஸ் நேராக இருக்கும்வரை வண்டிக்கு உயிர் இருக்கிறது.

நிதானமே ஆயுள்

இரண்டாவது காரணம் இன்ஜின். மாருதி 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர். அது தன் சக்தியைக் காட்ட வேகமாகச் சுழல வேண்டும். பழைய பெட்ரோல் ஜீப்பின் ஹரிக்கேன் இன்ஜின் 2.2 லிட்டர். எம்எம் 540-ல் வந்த பெஜோ டீசல் இன்ஜின் 2112 சிசி. அளவு பெரிது, கறக்கும் சக்தி குறைவு. லோ கியரில் மலையேறும்போது பிஸ்டன் அவசரப்படுவதில்லை. தேய்ந்தாலும் சிலிண்டரைப் போர் போட்டோ, ஸ்லீவ் மாற்றியோ, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு இன்னொரு பிறவி கொடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. டீசல் பம்ப் முழுக்க இயந்திரம். மலையில் நின்றுபோனால் காற்றை வெளியேற்றி மறுபடி கிளப்புகிற வித்தை ஓட்டுநருக்கே தெரியும்.

மூன்றாவது காரணம், பழுதுபார்க்கும் எளிமை. பட்டறையில் சஸ்பென்ஷன் பிளேட் மாற்றுவதைக் கூர்ந்து பார்த்தால் அது நன்றாகப் புரியும். மலைப்பாதையில் பாரத்தோடு குழியில் இறங்கிய ஜீப்பின் பின்பக்கம் ஒரு புறம் சாய்ந்திருக்கும். மெக்கானிக் சேஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்குவார். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்துக் கழற்றுவார். இரண்டு முனையிலும் பின்னைத் தட்டி எடுத்தால் பிளேட் கட்டு மொத்தமாகக் கையோடு வரும். நடு போல்ட்டைக் கழற்றிப் பிரித்தால், ஏழெட்டு பிளேட்டில் மேலே இருக்கிற பெரிய பிளேட் ஒன்றுதான் கண்ணுக்குப் பக்கத்தில் முறிந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்கு வளைவு தட்டி, கிரீஸ் பூசி மறுபடி அடுக்குவார். காலையில் வந்த வண்டி மாலையில் போய்விடும். ஒன்று முறிந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்கிற இந்த வசதிதான் ஜீப்பின் நீண்ட ஆயுளின் சாரம்.

உலகம் சொல்வது

தனிச் சேஸ் வண்டி நீண்ட நாள் உழைக்கும் என்பது நம்மூர் நம்பிக்கை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஐசீகார்ஸ் நிறுவனம் 2022-ல் எந்த மாடல் அதிக தூரம் தாங்கும் என்று கணக்கிட்டது. டொயோட்டா சீக்கோயா சுமார் 4.77 லட்சம் கிலோமீட்டர், லேண்ட் குரூஸர் சுமார் 4.51 லட்சம் கிலோமீட்டர். முதல் ஐந்து இடங்களும் தனிச் சேஸ் கொண்ட வண்டிகளுக்கே. ஆறாம் இடத்தில் ஒரு சாதாரணக் கார் வந்தது: சுமார் 4 லட்சம் கிலோமீட்டரோடு பிரியஸ். நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் பராமரித்து ஓட்டினால் காரும் பின்தங்காது என்பதற்கு அது சான்று.

டார்ஜீலிங் பக்கம் மானேபஞ்சனில் 1950-களின் லேண்ட் ரோவர்கள் இன்றும் 3,636 மீட்டர் உயர சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. 1948-ல் லேண்ட் ரோவர் பிறந்தபோது பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துரு பிடிக்காத அந்தப் பாடி பின்னாளில் பெரும் வரமானது.

ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. மலை ஜீப்புக்கு வயது அதிகம், ஓடிய தூரம் குறைவு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடுகிற வாடகைக் கார் ஓரிரு ஆண்டில் கடக்கும் தூரத்தை, ஒடுகத்தூருக்கும் மலைக்கும் இடையே போய்வரும் ஜீப் பல ஆண்டுகளில்தான் கடக்கும். அதோடு, கண்ணில் படுவது தப்பிப் பிழைத்தவை மட்டுமே. பள்ளத்தில் விழுந்தவையும் பிரித்து விற்கப்பட்டவையும் நம் கணக்கில் வருவதில்லை.

புகைக்கு யார் பொறுப்பு?

நீண்ட ஆயுளைக் கொண்டாடும்போது விலையையும் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப்பில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பலவற்றில் பின்சீட்டில் பெல்ட்கூட இல்லை. கவிழ்ந்தால் தலைக்கு மேலே படுதாதான். டீசல் புகையோ, 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-6 தரத்துக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

இதை நம் வட்டாரம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உறுதிசெய்தது, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். கழிவுநீருக்குச் சொன்ன நியாயம் புகைக்கும் பொருந்தும்.

சட்டம் இப்போது வயதை வைத்து இறுக்குகிறது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. இருபது வயதைத் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ரூபாய். அரசு வண்டிகளுக்கு 15 ஆண்டு முடிந்தால் 2023 ஏப்ரல் முதல் பதிவே ரத்து. வயது எளிதில் எண்ணக்கூடிய அளவுகோல், நியாயமான அளவுகோல் அல்ல. பத்து வயதில் சேஸ் இற்றுப்போன வேனும் உண்டு, முப்பத்தைந்து வயதில் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும் ஜீப்பும் உண்டு. பிரேக், சேஸ், ஸ்டீயரிங், புகை இந்த நான்கையும் கருவி வைத்து நேர்மையாகச் சோதித்து, தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் வயது எதுவானாலும் நிற்கட்டும்.

ஜீப்பின் பாரம்

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளில், மண்பாதையே வழியாக இருந்த குக்கிராமங்களுக்கு ஜீப்தான் பஸ், ரேஷன் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம். சில இடங்களுக்குத் தார்ச்சாலை வந்திருக்கிறது, சில இடங்களுக்கு வரவில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நிற்க, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். மாநிலமே பார்த்த துயரம் அது.

பழைய ஜீப்பை ஓடவைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்குகளின் கைத்திறன் போற்றத்தக்கது. பாகங்களைப் பிரித்துச் சரிசெய்யும்படி வண்டி செய்வது எவ்வளவு நல்லது என்பதைப் புதிய கார் நிறுவனங்களும் அந்தப் பட்டறைகளில் கற்றுக்கொள்ளலாம். அதே நேரம், நாற்பது வயது வண்டி ஒன்று மனமிரங்கிக் கிளம்பினால்தான் ஒரு கர்ப்பிணி ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியும் என்ற நிலையை ஜீப்பின் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஜீப்புகள் இத்தனை காலம் சுமந்தது அரசு சுமந்திருக்க வேண்டிய பாரம். மலைக்குச் சாலையும், அந்தச் சாலையில் ஏறுகிற நல்ல ஆம்புலன்ஸும் வந்த பிறகு, ஜீப் தன் வயதுக்கு ஏற்ற வேலையை மட்டும் பார்க்கட்டும்.

அடுத்த வாரம்: மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குவோம். விவசாயி வீட்டு டிராக்டருக்கு ஆயுள் எவ்வளவு?

(தொடரும்)