புல் கால்வாயில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் ஓரம் ஓடிய மண் கால்வாய் உங்களுக்கு நினைவிருக்கும். இன்று புதிய தாமான்கள் சிலவற்றில் புல் கால்வாயும் மழைநீர்க் குளமும் இருக்கின்றன.

இவை எதற்கு?
வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, மழைநீரைப் பெய்த இடத்திலேயே தாமதப்படுத்தச் சொல்கிறது. புல் நீரோட்டத்தைத் தணிக்கும். மண் ஒரு பகுதியை உறிஞ்சும். திடீர் வெள்ளம் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியது:
• புல் கால்வாயைச் சிமெண்டால் மூடாதீர்கள்.
• குப்பை எறியாதீர்கள். டின், பிளாஸ்டிக் டப்பாவில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும்.
• வாரம் ஒருமுறை 10 நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.
• தண்ணீர் வடியாவிட்டால் நகராண்மைக் கழகத்திடம் சொல்லுங்கள்.

முதியோருக்கு டிங்கி கடுமையாகலாம். காய்ச்சல் கண்டால் உடனே கிளினிக்குச் செல்லுங்கள்.