திருவொற்றியூர் வண்டிக்குப் பிறகு

சென்ற தீபாவளிக்குப் பிறகு நம் சங்கத்தில் என்னைப் பார்க்கும் அன்பர்கள், நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், புல்லட்டைக் கொடுத்துவிட்டு ஹோண்டா வாங்கிவிட்டீர்களாமே?" சிலர் இதைத் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்கள். நெடுநாளைய நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார்: "மெட்ராஸ் வண்டியை விட்டுட்டு ஜப்பான்காரன் வண்டியா? நீங்களே இப்படிச் செய்யலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிடுங்கள் என்றார் ஆசிரியர். எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டு போனால், ரயில்வேக்காரன், வண்டி லேட்டாகத்தான் வரும் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

1982-ல் டிப்ளமா சான்றிதழோடும் ஒரு தகரப் பெட்டியோடும் நாக்பூர் வந்து இறங்கியவன் நான். கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை. எட்டு வருடம் சைக்கிளிலேயே அஜ்னிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்துவிட்டு, 1990-ல் கூட்டுறவு சங்கத்தில் கடன் போட்டு புல்லட் 350 வாங்கினேன். கறுப்பு நிறம், டேங்கில் தங்கக் கோடு. குவார்ட்டர்ஸ் வாசலில் அது வந்து நின்றபோது பக்கத்து வீட்டு மராத்திக்காரர், "மதராஸி வீட்டுக்கு மதராஸ் காடி வந்தாச்சு" என்று சிரித்தார். எனக்கு அதில் பெருமைதான். அந்த வண்டி வடசென்னைத் திருவொற்றியூரில் பிறந்தது. நான் பழுது பார்த்த ரயில் பெட்டிகளில் பலவும் அதே வடசென்னையில், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்தவை. இரண்டு தொழிலும் தொடங்கியது 1955-ல்தான். ஊரை விட்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு இது ஒரு சொந்தம் மாதிரி.

எங்கள் ஊர் கரூருக்குப் பக்கம். நாக்பூரிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். வழி கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்து இறங்கி அந்நாளைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் (இன்று அது 44) ஊர் வரைக்கும் அதே சாலைதான். முதல் இரவு நிர்மல், இரண்டாம் இரவு கர்னூல், மூன்றாம் இரவு பெங்களூர், நான்காம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுத் திண்ணை. வழியில் பெயின்கங்கா, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரா, கடைசியாகப் பரமத்தி வேலூரில் காவிரி. ரயிலில் போனால் ஆறுகளைத் தூக்கத்தில் தாண்டிவிடுவோம். வண்டியில் போனால் ஒவ்வொரு பாலத்திலும் நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்து, இன்னும் எத்தனை ஆறு என்று எண்ணிக்கொண்டு போகலாம். 1993, 1998, 2004, 2011, 2017 என்று ஐந்து முறை நானும் என் மனைவியும் அப்படிப் போயிருக்கிறோம். பாஸ் வைத்திருக்கிற ரயில்வேக்காரன் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போகிறான் என்று டிப்போவில் கேலி செய்யாதவர் இல்லை.

1998 பயணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நிர்மலுக்கு முன்னால் மலைப்பாதையில் பின்சக்கரம் பஞ்சர். இரண்டு பக்கமும் தேக்கங்காடு. சக்கரத்தைக் கழற்றி டியூபை வெளியே எடுத்துப் பார்த்தால் வால்வு அடியிலேயே கிழிந்திருக்கிறது. ஒட்டுப் போட வழியில்லை. மாற்று டியூப் கையில் இல்லை. மணி நாலரை. என் மனைவி ஒரு தேக்கு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பகல் சாப்பாட்டில் மிச்சமிருந்த புளிசாதத்தைப் பிரித்தபடி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது எதிரே வந்த லாரி ஒன்று கடந்து போய், சற்றுத் தள்ளி நின்று, பின்னுக்கு வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்கண்ணா, நம்ம ஊருங்களா?" என்றார். வண்டியோ மகாராஷ்டிரா நம்பர். எப்படிக் கண்டுபிடித்தார்? "அக்கா திட்டினது கேட்டுதுங்க" என்றார். நாமக்கல் லாரி! அவர் நாக்பூர்ப் பக்கம் போகிறவர். எதிர்த் திசையில் வந்த இன்னொரு நாமக்கல் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, என்னையும் சக்கரத்தையும் அதில் ஏற்றி நிர்மலுக்கு அனுப்பிவிட்டு, நான் திரும்பி வரும்வரை என் மனைவிக்குத் துணையாக அங்கேயே லாரியை நிறுத்திக்கொண்டு இருந்தார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். புளிசாதம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்படி எல்லாம் வாழ்ந்த வண்டியை ஏன் மாற்ற வேண்டும்?

முதல் காரணம் என் வலது முழங்கால். அந்தக் காலத்துப் புல்லட்டுக்குச் செல்ஃப் கிடையாது. சாவியைத் திருப்பி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கிறவரை கிக்கரை மெதுவாக இறக்கி, பிறகு லீவரை விட்டு, உடம்பின் முழு எடையையும் போட்டு ஒரே மிதி. முறையாகச் செய்தால் ஒரே மிதியில் எடுக்கும். முப்பது வயதில் இது ஒரு வித்தை. அறுபத்தைந்தில் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, தினம் காலையில் ஒரு பரீட்சை.

இரண்டாவது, கைராசியான மெக்கானிக். எல்லாரும் 'உஸ்தாத்' என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர்தான் முப்பது வருடமாக என் வண்டியைப் பார்த்துவந்தார். பாயிண்ட் இடைவெளியை கேஜ் வைக்காமல் கண்ணாலேயே அளப்பவர். அந்தக் கண்ணில் புரை விழுந்து அவர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் கெட்டிக்காரன், ஆனால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும் வண்டிகள்தான் அவனுக்குப் பழக்கம். போதாததற்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் எத்தனால் ஒத்துக்கொள்ளாது. வண்டி நாள்கணக்கில் நின்றால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் இருந்தும், சமாளித்திருக்கலாம். புல்லட்காரர்கள் சமாளிப்பதற்கென்றே பிறந்தவர்கள். என்னை நிஜமாக யோசிக்க வைத்தது பிரேக்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 17 மீட்டர். எதிரே மாடு வருவதைப் பார்த்துக் காலும் கையும் வேலை செய்ய இளைஞனுக்கு ஒரு நொடி ஆனால் எனக்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 25 மீட்டர் போய்விட்டது. பிறகு வண்டி நிற்கும் தூரம். வேகம் நொடிக்கு 4 மீட்டர் வீதம் குறைந்தால் 35 மீட்டர், 7 மீட்டர் வீதம் குறைந்தால் 20 மீட்டர். அந்தப் பதினைந்து மீட்டர் வித்தியாசத்தில்தான் மாடும் நானும் என் மனைவியும் இருக்கிறோம். என் வயது அரை நொடியை எடுத்துக்கொண்டுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. பிரேக்கில் மட்டும்தான் அதை ஈடுகட்ட முடியும்.

இதே கேள்வியை நான் உத்தியோகத்தில் ஒரு தடவை பார்த்தாயிற்று. ஐ.சி.எஃப். பெட்டியை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, எந்தக் கட்டையில் தேய்மானம் என்று சொல்லலாம். அதன் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்தின் மேலேயே அழுத்தும். அழுத்தம் மிஞ்சிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் தண்டவாளத்தில் இழுபட்டு ஓரிடத்தில் தட்டையாகிவிடும். ராத்திரி பூராவும் உங்கள் தலைக்கடியில் 'டக் டக்' என்று கேட்பது அதுதான். 2000-க்குப் பிறகு ஜெர்மன் வடிவமைப்பில் எல்.எச்.பி. பெட்டி வந்தது. அச்சுக்கு இரண்டு டிஸ்க். ஒவ்வொரு அச்சிலும் ஒரு சென்சார். ஏதாவது ஒரு சக்கரம் மற்றவற்றைவிடச் சட்டென்று வேகம் குறைந்தால், பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அறிந்து, அந்த பிரேக்கில் மட்டும் காற்றை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். என்கிறார்களே, அது செய்வதும் இதே வேலைதான். மோதல் நடந்தாலும் ஒரு பெட்டியின்மேல் இன்னொன்று ஏறாதபடி அதன் கப்ளிங் அமைப்பு வேறு. டிப்போவில் பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். நானும் ஐ.சி.எஃப். பக்தன்தான். ஆனால் பெட்டிக்குள் தூங்குகிறவர்களுக்கு நம் பக்தியால் என்ன லாபம்? கடைசியில் பெரம்பூர்க்காரர்களே எல்.எச்.பி. பெட்டிகளைக் கட்டத் தொடங்கி, 2018 ஜனவரியோடு பழைய வகையை நிறுத்திவிட்டார்கள்.

"அதற்குப் புது புல்லட்டே வாங்கியிருக்கலாமே" என்பது நண்பரின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அதிலும் டிஸ்க் உண்டு, செல்ஃப் உண்டு, இன்னமும் சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு. ஓட்டிப் பார்த்தேன், நல்ல வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. வழியில் சின்ன ஊர்களில் சர்வீஸ் வசதியும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் எடை 195 கிலோ. ஹோண்டாவின் சி.பி. 350 ஹைனெஸ் 181 கிலோ. (என் பழைய வண்டி சுமார் 165 கிலோதான். முன்னேற்றம் என்றால் எடை கூடுவது போலும்!) பெட்ரோல் பங்க்கில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது பதினாலு கிலோ என்றால் என்ன என்பது தேய்ந்த முழங்காலுக்குத்தான் தெரியும். ஹைனெஸில் அலாய் சக்கரம், டியூப் இல்லாத டயர். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலேயே சாலையோரத்தில் அடைத்துக்கொள்ளலாம். நிர்மல் மலைப்பாதையில் ஒவ்வொரு முறையும் நாமக்கல் லாரி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் மனைவியிடம் இரண்டு கம்பெனி நோட்டீசையும் நீட்டினேன். படிக்கவே இல்லை. "ஏனுங்க, பேரு எதா இருந்தா என்னங்க? பின்னாடி உட்கார்றவ நானு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ரெண்டுல எதை உங்களால கீழ போடாம நிறுத்த முடியுமோ அதை வாங்குங்க" என்றாள். புனேயில் இருக்கும் மகனோ, "அப்பா, வண்டியே வேண்டாம், பெரியப்பாவைப் பார்க்க ஃப்ளைட்ல போங்க" என்றான். அண்ணனுக்கு இப்போது 74. திண்ணையில் உட்கார்ந்தபடி தூரத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே "தம்பி வந்துட்டான்" என்பவர். அந்தத் திண்ணைக்கு விமானம் போகாது.

மெட்ராஸ் வண்டி என்ற பற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. புல்லட்டும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்து திருவொற்றியூருக்குக் குடியேறியதுதான். 1970-ல் அங்கே கம்பெனியே மூடிவிட்டது. இங்கே நம் ஆட்கள் விடாமல் செய்துகொண்டே இருந்ததால் அது நம்முடையதாயிற்று. நம் வீடுகளில் ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தபோது இட்லி மராத்தி இட்லி ஆகிவிடவில்லை. நண்பருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் கோபத்திலும் ஊர்ப் பாசம்தான் இருக்கிறது.

2025-ல் என் வண்டிப் பதிவை மறுபடி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டிய முறை வந்தது. அதே செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்து நாள் குறித்துவிட்டன. புல்லட்டைப் புதுப்பித்து, அஜ்னியில் வேலை பார்க்கும் ஒரு மராத்திப் பையனுக்குக் கொடுத்தேன். அதிக விலை சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆம்பியர் முள்ளைப் பார்த்து மிதிக்கக் கற்றுக்கொள்ள நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அவன் ஒருவன்தான். "காகா, எப்ப வேணும்னாலும் வந்து ஓட்டுங்க" என்கிறான். நான் போகவில்லை. போனால் கால் குழம்பிவிடும்.

அது என்ன குழப்பம் என்றால், பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் எல்லாம் நேர் எதிர். முப்பத்தைந்து வருடப் பழக்கம் மூளையில் இல்லை, காலில் இருக்கிறது. அவசரத்தில் இடது கால் பிரேக்கைத் தேடி கியரை மிதித்துவிட்டால் நான் போட்ட கணக்கெல்லாம் வீண். ஆகவே ஒரு மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு ஆளில்லாத மைதானத்தில் செங்கல்லை வரிசையாக வைத்து, 30-ல் வந்து நிறுத்து, 40-ல் வந்து நிறுத்து என்று பழகினேன். நடைபயிற்சிக்கு வந்தவர்கள் லைசென்ஸ் பரீட்சைக்குத் தயாராகிறேன் என்று நினைத்திருப்பார்கள். இப்போது கால் யோசிக்காமல் போகிறது. முதல் சர்வீசும் முடிந்துவிட்டது.

வரும் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுகிறோம். தினம் 250 கிலோமீட்டருக்கு மேல் இல்லை, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று மனைவிக்கு எழுத்துமூலம் கொடுத்தாயிற்று. ஆகவே ஆறு நாள். கர்னூல் வரையிலாவது கூட வர விரும்பும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைக்கவும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சரி. மாற்று டியூப் தேவைப்படும் வண்டியானால் அதை மட்டும் மறக்காமல் எடுத்து வரவும்.