தக்காளி ஏன் வெடிக்கிறது?

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வெடித்த தக்காளியைக் காணுந்தோறும் ஒட்டன்சத்திரத்தருகே உள்ள எங்கள் தோட்டம் நினைவுக்கு வரும். என் படிப்புச் செலவுக்கென நம்பியிருந்த காய்கள், வறட்சிக்குப் பின் பெய்த ஒரே மழையில் வெடித்தன. "கண் பட்டுவிட்டது" என்றார் தந்தையார்.

கண்ணன்று, காரணம் தண்ணீரே. தக்காளியில் 100க்கு 94 பங்கு நீர். வறட்சியில் தோல் இறுகுகிறது. திடீரென நீர் கிடைத்ததும் சதை விரைந்து பருக்கிறது. தோல் ஈடுகொடுக்க மாட்டாமல் பிளக்கிறது. மாதுளையின் கதையும் இதுவே.

தடுப்பது எப்படி? காயவிட்டுப் பாய்ச்சாமல், சீராக நீர்விட வேண்டும். வேரடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிலைக்கும். காய்க்கு நிழல்தரும் இலைகளைக் கிள்ளலாகாது. மழைக்கு முன்பே நிறம் திரும்பிய காய்களைப் பறித்துவிடலாம். அவை வீட்டிலேயே பழுக்கும்.

இதையே தந்தையாருக்கு எழுதினேன். "வைக்கோல் போட்டாயிற்று" என்று பதில் வந்திருக்கிறது.