பூனைக்குக் கஞ்சா விளையாட்டன்று

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பது நம்மவர் வழக்கு. கஞ்சாவைப் பொறுத்தமட்டில் விளையாட்டு மனிதனுடையது, அவதி பூனையினுடையது.

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, வயது வந்தோர் கஞ்சாவை உபயோகிக்கக் கனடா தேசம் சட்டபூர்வமான அனுமதி வழங்கிற்று. சரியாக ஓராண்டு கழித்துக் கஞ்சா கலந்த தின்பண்டங்களுக்கும் இடமளித்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதலே கடைகளிற் பகிரங்க விற்பனை நடைபெறுகிறது. நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் உற்றார் ரொறன்ரோவிலே வாழ்கின்றனர். ஆதலால் இதனை எங்கோ நடக்கும் கதையென்று ஒதுக்கிவிடுதல் இயலாது.

கஞ்சாவின் மயக்கத்துக்குக் காரணமான சத்தை 1964ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு இரசாயன அறிஞர்களான ரபாயேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் தனியே பிரித்தெடுத்தனர். ரி. எச். சி. எனச் சுருக்கமாக வழங்கும் இப்பொருள் கொழுப்பிலே கரைவது. மூளையினுள் இலகுவிற் புகுந்து, உடலைவிட்டு மெல்லவே நீங்குவது. பச்சை இலையில் இது பெரும்பாலும் அமில உருவிலேயே உள்ளது. சூடேறிய பின்னரே முழு வீரியம் பெறும். எனவே, பூச்சாடிச் செடியைக் கடித்த பூனையிலும் பார்க்க, கஞ்சா வெண்ணெயிற் சுட்ட கேக்கைத் தின்ற பூனைக்கே ஆபத்து அதிகம். பூனையின் நாவுக்கு இனிப்புச் சுவை தெரியாதென்பது உண்மையே. ஆயினும் வெண்ணெய் வாசனையை எந்தப் பூனைதான் விட்டது? பண்டம் சொக்கலேற்றாயின் அதிலுள்ள தியோபுரோமின் என்னும் நஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

கொலராடோவில் 2005 முதல் 2010 வரை, கஞ்சா நஞ்சேறியதாகக் கருதி ஆராயப்பட்ட 125 நாய்களுள் 2 இறந்தன. இரண்டும் கஞ்சா வெண்ணெயிற் செய்த பண்டங்களைத் தின்றவை.

புகையும் தீங்கற்றதன்று. மூடிய அறையில் அடைபட்ட பூனை அதனைச் சுவாசிப்பதோடு, தன் உரோமத்திற் படிந்ததையும் நாவினால் நக்கி விழுங்கிவிடும்.

பொதுவாக, சில மணி நேரத்துக்குள் குறிகள் தோன்றும். நடை தள்ளாடும், கண்மணி விரியும், எச்சில் வடியும், அறியாமலே சிறுநீர் கழியும். சில பூனைகள் காரணமின்றிக் கத்தும், சிறு ஓசைக்கும் திடுக்கிடும். நஞ்சு மிகுந்தால் நாடி தளர்ந்து, உடற்சூடு தணிந்து, நினைவும் தப்பலாம். மரணம் அரிது, ஆனால் இந்நிலை இரண்டு மூன்று நாள் நீடிப்பதுண்டு.

இதைக் கண்டு நகைப்போரும் உளர். நம் வேலியோரத்துக் குப்பைமேனியின் வேரிலே பூனை புரண்டு களிப்பதைப் பார்த்திருக்கிறோம். பூனைவணங்கி என்று அதற்கொரு பெயருமுண்டு. மேல்நாட்டார் வளர்க்கும் ‘கற்னிப்’ செடியும் அவ்வாறே. அந்தக் களிப்புச் சில நிமிடங்களில் அடங்கிவிடும், தீங்கில்லை. கஞ்சாத் தள்ளாட்டமோ களிப்பன்று, நஞ்சேறிய மூளையின் தடுமாற்றம். பூனை அதனை விரும்பித் தேடியதுமில்லை.

மிருக வைத்தியருக்குப் பெரும் இடையூறு, வீட்டாரின் மௌனமே. நம் நாட்டிலோ, ஆயுர்வேத மருந்து போன்ற சில விலக்குகள் தவிரக் கஞ்சா வைத்திருத்தல் குற்றம். ஆகவே வாய் திறக்க அஞ்சுவர். மனிதருக்கென அமைந்த சிறுநீர்ச் சோதனை பிராணிகளிடத்தில் நம்பத்தக்கதுமன்று. உண்மை மறைக்கப்பட்டால், வைத்தியர் தலையிற் பட்ட அடியோ, வேறு நஞ்சோ எனத் தேடிக் காலத்தை இழப்பார்.

இதற்கென மாற்றுமருந்து கிடையாது. வேளையோடு கொண்டுசென்றால் வைத்தியர் வாந்தி எடுப்பிப்பார் அல்லது கரிமருந்து கொடுப்பார். பின்னர் உடலைச் சூடாக வைத்து, நாளத்தின் வழியே திரவம் ஏற்றுவார். வீட்டில் உப்புநீர் புகட்டி வாந்தி எடுப்பிக்க முயலவே கூடாது. மயங்கிய பூனையின் நுரையீரலுள் வாந்தி புகுந்தால் அதுவே உயிருக்கு உலையாகும். இருள் சார்ந்த, அமைதியான பெட்டியில் வைத்து உடனே எடுத்துச் செல்க. பண்டத்தின் உறை இருந்தால் அதையும் கொண்டு செல்லுதல் நன்று. கனடாவில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் ரி. எச். சி. என்பதே சட்டம் விதித்த உச்ச அளவு. வீட்டிற் சுட்ட கேக்குக்கு அத்தகைய அளவு ஏதுமில்லை.