ஒரு புள்ளியிற் குவியும் கோடுகள்

ஐரோப்பிய ஓவியப் பாணிகளின் மாற்றத்தை இரசனையின் மாற்றமாகவோ, புரவலரின் விருப்பமாகவோ மட்டும் விளக்குவோர் உளர். ஓர் உத்தியின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கின், அவ்விளக்கங்களின் போதாமையை நாம் உணரலாம்.

புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில், ஏறத்தாழ 1427 இல், மசாச்சியோ 'திரித்துவம்' என்னும் சுவரோவியத்தைத் தீட்டினார். ஆழத்தை உணர்த்தும் கோடுகள் அதிற் சிலுவையின் அடியிலே, பார்ப்போரின் கண்மட்டத்தில், ஒரு புள்ளியிற் குவிகின்றன. கொடையாளர் இருவர் புனிதர்க்கு நிகரான உருவளவில் முழந்தாளிட்டுள்ளனர். மத்தியகால ஓவியங்களிற் கொடையாளர் பெரும்பாலும் சிற்றுருவினராகவே இடம்பெற்றனர். வணிக நகரொன்றின் தன்னம்பிக்கையை நாம் இங்கு காண்கிறோம்.

1785 இல் பாரிசிற் காட்சிப்படுத்தப்பட்ட டேவிட்டின் 'ஹொராத்தியரின் சபதம்' புதுச்செவ்வியற் பாணியின் முதன்மைப் படைப்பாகும். இங்கு கோடுகள் குவிவது தந்தை ஏந்திய வாள்களின் பிடியிலே. குடும்பப் பாசத்தினும் நாட்டுக் கடமை மேலென்பது ஓவியத்தின் பொருள். இதனை வரையப் பணித்தது பதினாறாம் லூயியின் அரசாங்கமே. 1789 இன் பின்னர் புரட்சியாளர் இதனைத் தமதாகக் கொண்டனர். 1793 இல் அம்மன்னனின் மரண தண்டனைக்கு வாக்களித்தோருள் டேவிட்டும் ஒருவர்.

எனவே, புரவலரின் வர்க்கத்தைச் சுட்டியதும் கலையாய்வு முடிந்துவிடாது. ஒரு படைப்பு எவர் கண்ணில், எக்காலத்தில், எவ்வாறு பொருள் பெற்றது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.